ஞாபகம் உள்ள மிக்ஸர்

எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை. சாமி வீதியுலா கிளம்பிவிட்டது. மேளச் சத்தம் மேலத்தெருப் பக்கம் தேய்ந்துகொண்டே போகிறது. இனி மெல்லிசைக் கச்சேரி. மேடையில் நாற்காலிகளும் மைக் ஸ்டாண்டுகளும் நிற்கின்றன, ஆட்கள் இன்னும் வரவில்லை. மேடைக்கு எதிரே, சனங்கள் உட்காரும் இடத்துக்கு நடுவில், நாலு கம்பு ஊன்றிக் கயிறு கட்டிய சின்னச் சதுரத்துக்குள் மைக் செட் அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிறார். மேசை மேல் மிக்ஸர். அதை மூடியிருந்த பழைய வேட்டியை எடுத்து மடித்து வைக்கிறார், சுவிட்சைப் போடுகிறார். திரை வெளிச்சமானதும் ஒரு பட்டியலில் இறங்கிப்போய், போன வருசக் கொடையைத் தேடி அழுத்துகிறார்.

சர்ரென்று ஒரு சத்தம். மிக்ஸரில் இருக்கிற ஃபேடர்கள், ஒலியைக் கூட்டிக் குறைக்க விரலால் தள்ளும் கைகள், அத்தனையும் ஒரே நேரத்தில் நகர்கின்றன. சில பாதி உயரம் ஏறி நிற்கின்றன, சில கொஞ்சம்தான் ஏறுகின்றன, ஒன்று மட்டும் அடியிலேயே படுத்துக்கிடக்கிறது. ஒன்றின் மேலும் விரல் இல்லை. கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்த பையன்களில் ஒருவன் கத்துகிறான்: “ஏல, பேய் தள்ளுதுல!”

போன வருசம் இதே மேடையில், கச்சேரி நன்றாகக் கூடிவந்த ஒரு நேரத்தில் அண்ணாச்சியின் விரல்கள் எங்கெங்கே நின்றனவோ, அங்கெல்லாம் ஃபேடர்கள் போய் நின்றுவிட்டன. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. இந்த மிக்ஸர் வாங்கிய புதிதில் அவரிடம் கேட்டேன், இதில் உங்களுக்கு எது ரொம்பப் பிடித்திருக்கிறது என்று. ஒலித் தெளிவைச் சொல்வார், எக்கோ வகைகளைச் சொல்வார், தூக்க லேசாக இருக்கிறது என்பார் என்று நினைத்தேன். “ஞாபகம் வச்சிருக்கு பாத்தியளா தம்பி, அது ஒண்ணு போதும் எனக்கு” என்றார். அன்றைக்கு இதை ஒரு வசதியைப் பற்றிய பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று படிக்கப் படிக்க, அந்த ஒரு சொல்லுக்குள் இந்தக் கருவி முழுதும் அடங்கியிருப்பது புரிந்தது.

அவருடைய அப்பா காலத்துத் தொழில் வேறு. ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு இசைத்தட்டுப் பெட்டி, பனைமரத்தில் கட்டும் கூம்பு ஸ்பீக்கர் நாலு. அண்ணாச்சி தலையெடுத்தபோது 24 மைக் போடும் அனலாக் மிக்ஸர் வந்தது. ஒவ்வொரு மைக்குக்கும் நெட்டாக ஒரு வரிசைத் திருகுகள்: மேலே மைக் ஒலியை முதலில் பெரிதாக்கும் கெய்ன், அதன் கீழே ட்ரெபிள், மிட், பேஸ், அப்புறம் பாடுபவர்களுக்கே கேட்க மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர்களுக்கு எவ்வளவு, எக்கோவுக்கு எவ்வளவு, கடைசியில் ஃபேடர். மொத்தம் 300 திருகுக்கு மேல். சாயங்காலம் நாலு மணிக்கு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருகி, மைக் டெஸ்ட் பண்ணி, ராத்திரி பத்து மணிக்குத்தான் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வரும். விடிந்ததும் வண்டியில் ஏற்றுவார்கள். அடுத்த ஊரில் இறக்கிப் பார்த்தால் பாதித் திருகுகள் திரும்பியிருக்கும். மறுபடி முதலிலிருந்து. கோடுபோட்ட நோட்டு ஒன்றில் ஒவ்வொரு திருகையும் வட்டமாக வரைந்து, கடிகார முள் மாதிரி ஒரு கோடு கிழித்து வைத்திருந்தார். அந்த நோட்டு இன்னும் அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. காதால் கண்டுபிடித்ததைக் கையால் எழுதி வைக்க ஒரு மனிதர் எவ்வளவு பாடுபட்டார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்றைய மிக்ஸரால் மட்டும் எப்படி ஞாபகம் வைக்க முடிகிறது? ஏனென்றால் அதற்குள் ஒலி எண்ணாக மாறிவிடுகிறது. எண்ணை எழுதி வைக்கலாம்.

பாடகி பாடுகிறார். மைக்குக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு அதிர்கிறது. அதிர்வு சில மில்லிவோல்ட் மின்னழுத்தமாகக் கம்பியில் வருகிறது. முதலில் அதைச் சற்றுப் பெரிதாக்கிக் கொள்கிறார்கள். இந்தக் கட்டம் வரை எல்லாம் பழைய அனலாக்தான். அடுத்து ஒரு சில்லு அந்த மின்னழுத்தத்தை நொடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வொரு முறையும் ஒரு எண்ணை எழுதுகிறது. ஒவ்வொரு எண்ணும் 24 பிட் நீளம். அதாவது 1,67,77,216 படிகள் உள்ள அளவுகோல். அந்த அளவுகோலின் கடைசிச் சில கோடுகள் மின்சுற்றின் சொந்த இரைச்சலிலேயே மூழ்கிவிடும் அளவுக்கு நெருக்கமானவை. 32 மைக் என்றால் நொடிக்கு 15,36,000 எண்கள்.

இந்த இடத்தில் நியாயமான சந்தேகம் ஒன்று வரும். நொடிக்கு 48,000 முறை அளந்தாலும் ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவே ஒலி என்ன செய்தது என்பது தெரியாமல் போகுமே? குரலின் குழைவு அந்த இடைவெளியில் விழுந்துவிடாதா?

புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளி வைத்துவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார். அதே புள்ளிகளின் மேல் அக்கா ஒரு கோலம் போடலாம், தங்கை வேறு கோலம் போடலாம். ஆனால் ஒரு விதி சொல்லிவிடுகிறோம்: இழை எல்லாப் புள்ளியையும் தொட வேண்டும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சட்டென்று வளையக் கூடாது. இப்போது யார் போட்டாலும் ஒரே கோலம்தான் வரும். வேறொன்று போடவே முடியாது. ஒலியிலும் அப்படித்தான். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். அதற்கு மேலான துடிப்புகளை முன்கூட்டியே வடிகட்டி விட்டால், இழை அதற்குமேல் வேகமாக வளையாது. அந்த உச்ச அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்குமேல் புள்ளி வைத்துவிட்டால் இடையில் உள்ள இழை முழுதும் தீர்மானமாகிவிடுகிறது. தோராயமாக அல்ல, அப்படியே அச்சாக. அமெரிக்காவில் தந்தி, தொலைபேசித் துறையில் இருந்த ஹாரி நைக்விஸ்ட் 1928-இலும், சோவியத் நாட்டின் கோதெல்னிகோவ் 1933-இலும் இதை நோக்கி வந்தார்கள். கிளாட் ஷானன் 1949-இல் வெளியிட்ட கட்டுரையில் தெளிவான நிறுவலாக வைத்தார். 48,000 என்ற எண்ணுக்குக் காரணம் இதுதான்: 20,000-ஐப் போல் இரு மடங்கு, வடிகட்டி வேலை செய்யக் கொஞ்சம் இடம்.

நான் படித்த கணிதத்தில் எனக்கு மிகப் பிடித்த முடிவுகளில் இது ஒன்று. விட்டுவிட்டு அளந்தும் எதையும் விடாமல் இருக்கலாம் என்று யார் நம்புவார்கள்?

எண்ணாகிவிட்ட பிறகு மிக்ஸர் செய்யும் வேலை ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஃபேடரை இறக்குவது என்றால் பெருக்கல். 6 டெசிபல் இறக்கினால் வருகிற எண் ஒவ்வொன்றையும் சுமார் அரையால் பெருக்குகிறது. கலப்பது என்றால் கூட்டல்: பாட்டு எண்ணையும் தபேலா எண்ணையும் கீபோர்டு எண்ணையும் கூட்டினால் மூன்றும் சேர்ந்து கேட்கும். காற்றும் இதைத்தான் செய்கிறது. மேளமும் நாதஸ்வரமும் ஒன்றாக ஒலிக்கும்போது நம் காதருகே உள்ள காற்று இரண்டின் அழுத்தத்தையும் கூட்டி ஒரே அழுத்தமாகத்தான் கொண்டு வருகிறது.

ஃபேடர்கள் தாமாக நகரும் மாயத்துக்கும் விடை இதில்தான் இருக்கிறது. அனலாக் மிக்ஸரில் ஃபேடர் என்பது ஒரு மின்தடை. பாடகியின் குரலே மின்சாரமாக உங்கள் விரலுக்கு அடியில் ஓடும். டிஜிட்டல் மிக்ஸரின் ஃபேடருக்கு அடியில் எந்த ஒலியும் ஓடுவதில்லை. அது ஓர் எண்ணைச் சுட்டிக்காட்டும் கை, அவ்வளவுதான். நீங்கள் தள்ளினால் எண் மாறும். எண் மாறினால், உள்ளே இருக்கும் சின்ன மோட்டார் ஒரு பட்டையை இழுத்துக் கையை அந்த இடத்துக்குக் கொண்டுபோகும். ஃபேடர் இப்போது எங்கே நிற்கிறது, எங்கே நிற்க வேண்டும் என்று விடாமல் ஒப்பிட்டு, வித்தியாசம் தீரும்வரை மோட்டார் தள்ளும். தாண்டிவிட்டால் பின்னால் இழுக்கும். 10 சென்டிமீட்டர் பாதையில் நடக்கும் அந்த ஓட்டத்தைத்தான் பையன் பேய் என்று நினைத்தான்.

ஒரு ஃபேடர் வெறும் கைதான் என்று ஆனபின், ஒரே ஃபேடர் பல எண்களுக்கு மாறி மாறிக் கையாக நிற்கலாம். அண்ணாச்சியிடம் இருப்பது 2012-இல் வந்த பெரிங்கர் எக்ஸ்32. 32 மைக் உள்ளீடு. ஆனால் ஃபேடர்கள் மொத்தம் 25, அதிலும் உள்ளீடுகளுக்கு 16 மட்டும். பொத்தானை அழுத்தினால் 1 முதல் 16 வரை போய் 17 முதல் 32 வரை வரும், ஃபேடர்கள் சர்ரென்று புது இடத்துக்கு நகரும். ஒவ்வொன்றின் தலையிலும் உள்ள குட்டித் திரை பெயரையும் நிறத்தையும் மாற்றிக் காட்டும். முன்பெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் ‘தபலா’, ‘பேஸ்’, ‘லேடி’ என்று எழுதுவார்கள்.

இந்த வகைக் கருவி ஒரே நாளில் மைக் செட்காரர் கைக்கு வந்துவிடவில்லை. யமஹா 1987-இல் வெளியிட்ட டி.எம்.பி.7 என்ற மிக்ஸரில் 8 உள்ளீடுகள்தான். ஆனால் அதிலேயே மோட்டார் ஃபேடர்கள் இருந்தன. 1994-இல் ப்ரோமிக்ஸ் 01, அடுத்த ஆண்டு 02ஆர். இவை பெரும்பாலும் ஸ்டுடியோக்காரர்களின் கருவிகள். பெரிய இசைக் குழுக்களின் மேடைக்கு வந்தவை எங்கள் ஊர்க்காரர் நினைத்தே பார்க்க முடியாத விலையில் இருந்தன. கணக்குப் போடும் சில்லுகள் மலியத்தான் 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தச் சில்லுகள் எவ்வளவு கணக்குப் போடுகின்றன என்று ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்துப் பார்த்தேன்: சுரத்தின் நிறத்தைத் திருத்தும் ஈக்வலைசர். பேஸைக் குறை, குரலில் ஒரு மூக்கடைப்பு இருக்கிறது அதை எடு என்கிற வேலை. எண்களை வைத்துக்கொண்டு இதை எப்படிச் செய்வது? இப்போது வந்த எண்ணை மட்டும் பார்த்துச் செய்யவே முடியாது. ஒரே ஓர் எண்ணுக்குக் கட்டையும் இல்லை, கீச்சும் இல்லை. மெதுவாக மாறுகிறதா, வேகமாக மாறுகிறதா என்பதில்தான் சுரம் இருக்கிறது. அதனால் மிக்ஸர் இப்போதைய எண்ணோடு, இதற்கு முன் உள்ளே வந்த இரண்டு எண்களையும் தான் வெளியே அனுப்பிய கடைசி இரண்டு எண்களையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறது. ஐந்தையும் ஐந்து குணகங்களால் பெருக்கிக் கூட்டினால் ஒரு பட்டைக்கு, அதாவது ஓர் அதிர்வெண் பகுதிக்கு, ஈக்வலைசர் தயார். திருகைத் திருகினால் அந்த ஐந்து குணகங்கள் மாறுகின்றன.

அனலாக் மிக்ஸரில் இதே வேலையைச் செய்தவை மின்தேக்கிகள். மின்னூட்டத்தைச் சற்று நேரம் பிடித்து வைப்பதுதான் அவற்றின் குணம். அதுவும் ஒரு ஞாபகம்தான், எழுதி வைக்க முடியாத ஞாபகம். ஞாபகம் இல்லாமல் ஒலியின் நிறத்தைத் தொடவே முடியாது என்று தெரிந்துகொண்ட அன்று அண்ணாச்சி சொன்னதை நினைத்துக்கொண்டேன்.

கணக்குக்கு வருவோம். ஒரு பட்டைக்கு 5 பெருக்கல். ஒரு மைக்குக்கு 4 பட்டை, ஆக 20. 32 மைக்குக்கு 640. நொடிக்கு 48,000 முறை என்றால் 3,07,20,000. மூன்று கோடியே ஏழு லட்சம் பெருக்கல், ஒரு நொடியில், ஈக்வலைசருக்கு மட்டும். கம்ப்ரஸர், எக்கோ, 16 தனிக் கலவைகள் எல்லாம் இதற்கு மேல்.

இத்தனையும் செய்து முடித்து, எண்ணைத் திரும்ப மின்சாரமாக்கி வெளியே விட இந்த மிக்ஸர் எடுத்துக்கொள்ளும் நேரம் 0.8 மில்லிநொடி. அந்த நேரத்தில் நம் ஊர் வெக்கையில் ஒலி காற்றில் எவ்வளவு தூரம் போகும்? 28 சென்டிமீட்டர். ஒரு சாணும் மூன்று விரலும். தபேலாக்காரர் தன் மானிட்டரை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டால் எவ்வளவு தாமதமோ, அவ்வளவுதான் அந்தக் கோடிக் கணக்கான பெருக்கல்களுக்கும் ஆன தாமதம். தாளத்தில் இம்மி பிசகினாலும் முகம் சுளிக்கும் கலைஞர்கள் இதை உணர்வதே இல்லை.

தாமதத்தை வேண்டுமென்றே உண்டாக்குகிற இடமும் உண்டு. எங்கள் கோயிலில் சனம் ரதவீதி வரை உட்காரும். மேடையிலிருந்து 50 மீட்டர் தள்ளி இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் வைப்பார்கள். மின்சாரம் அங்கே உடனே போய்விடும்; மேடை ஸ்பீக்கரின் ஒலி காற்றில் நடந்து வர 143 மில்லிநொடி ஆகும். இரண்டும் தனித்தனியாகக் காதில் விழும், ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். பழைய பொதுக்கூட்டங்களில் “அன்பார்ந்த ந்த ந்த” என்று கேட்டவர்களுக்கு இது தெரியும். டிஜிட்டல் மிக்ஸரில் இதற்கு மருந்து எளிது: தூரத்து ஸ்பீக்கருக்குப் போகும் எண்களை வரிசையில் நிற்க வைத்து, சுமார் 6,900 எண்கள் பின்னால் அனுப்ப வேண்டும். அண்ணாச்சி அதற்கு மேலே இன்னும் 10 மில்லிநொடி கூட்டுவார். ஏன் என்று கேட்டேன். “அப்பத்தான் சத்தம் மேடையிலேருந்து வார மாதிரியே இருக்கும்” என்றார்.

அவர் அனுபவத்தில் கண்டது அது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஹெல்முட் ஹாஸ் என்பவர் 1949-இல் தன் முனைவர் ஆய்வில் இதையே அளந்தார். ஒரே ஒலி இரு திசையிலிருந்து சில மில்லிநொடி முன்பின்னாக வந்தால், காது முதலில் வந்த திசையைத்தான் ஒலியின் பிறப்பிடமாக எடுத்துக்கொள்ளும். பின்னால் வருவது சற்று உரத்ததாக இருந்தாலும் தனியாகத் தெரியாது. பின்வரிசைப் பாட்டிக்குப் பக்கத்து ஸ்பீக்கர்தான் சத்தம் கொடுக்கிறது. ஆனால் அவர் கண்ணும் காதும் மேடையில் இருக்கும் பெண்ணையே பார்க்கின்றன.

கச்சேரி தொடங்கி இரண்டாவது பாட்டு. பாடகி பல்லவி முடிந்த இடைவெளியில் இந்தப் பக்கம் திரும்பி, “அண்ணா, மானிட்டர்ல என் வாய்ஸ் கொஞ்சம் ஏத்துங்கண்ணா” என்கிறார். அண்ணாச்சி ஒரு பொத்தானை அழுத்துகிறார். ஃபேடர்கள் எல்லாம் ஒரேயடியாக இடம் மாறுகின்றன. சனங்களுக்குக் கேட்கும் கலவை போய், அந்தப் பெண்ணின் காலடியில் இருக்கும் மானிட்டரின் கலவை வந்துவிட்டது. இங்கே கீபோர்டு உயரத்தில் இருக்கிறது, ட்ரம்ஸ் அடியில் கிடக்கிறது. சுதிக்குக் கீபோர்டையும் தன் குரலையும் மட்டுமே பற்றிக்கொண்டு அவர் பாடுகிறார் என்பது ஒரு பார்வையில் தெரிகிறது. அண்ணாச்சி அவர் குரல் ஃபேடரை ஒரு விரற்கடை ஏற்றுகிறார், பொத்தானை மறுபடி அழுத்துகிறார், ஃபேடர்கள் சனங்களிடம் திரும்பி வருகின்றன. இதற்கு ஆனது மூன்று நொடி. பாடகி தலையை அசைக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் அவர் கார்ட்லெஸ் மைக்கோடு மேடையை விட்டு இறங்கிக் குழந்தைகள் பக்கம் வந்தார். ஸ்பீக்கருக்கு முன்னால் வந்ததும் ‘கூ’ என்று ஒரு விசில் முளைத்தது. மைக் செட் வைத்திருக்கும் எல்லாருக்கும் நெஞ்சு பதறும் சத்தம் இதுதான். ஸ்பீக்கரின் ஒலி மைக்கில் நுழைகிறது, பெரிதாகி ஸ்பீக்கரில் வருகிறது, மறுபடி மைக்கில் நுழைகிறது. ஸ்பீக்கர் மூன்றரை மீட்டர் தூரத்தில் இருந்தால் ஒரு சுற்றுக்கு 10 மில்லிநொடி. ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஓர் அதிர்வெண் வெறும் 1 டெசிபல் கூடுகிறது என்றால், ஒரே நொடியில் 100 டெசிபல் ஏறப் பார்க்கும். ஃபேடரை இடத்தில் நிறுத்தும் மோட்டாரும் தன் நிலையைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும் ஒரு சுற்றுதான். அங்கே சுற்று பிழையைக் குறைக்கிறது, இங்கே கூட்டிக்கொண்டே போகிறது.

அண்ணாச்சிக்கு முன்னால் மிக்ஸர் திரையில் வரிசையாகக் கோடுகள் ஆடிக்கொண்டிருந்தன. ஒலியில் எந்த அதிர்வெண் எவ்வளவு என்று காட்டும் கோடுகள். பாட்டோடு எல்லாம் ஏறி இறங்க, ஒன்று மட்டும் இறங்காமல் குத்திட்டு நின்றது. 2,500 ஹெர்ட்ஸ். அந்தப் பட்டையை நாலு டெசிபல் இழுத்தார், விசில் அடங்கியது. பாடகிக்கு ஒன்றும் தெரியாது, குழந்தைகள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். முன்பு இதைக் காதாலேயே செய்வார். விசிலின் சுதியைக் கேட்டு எந்தப் பட்டை என்று கை போகும். அந்தக் காது வர அவருக்குப் பல வருசம் ஆனது. இப்போது உதவிக்கு நிற்கும் அவருடைய அக்கா மகன் கண்ணால் பார்த்துக்கொண்டே காதால் கேட்பதால், ஒரே வருசத்தில் பாதிக்குமேல் பிடித்துவிட்டான்.

பாட்டு நிதானத்துக்கு வந்ததும் மிக்ஸரைத் தூரத்திலிருந்தே இயக்கும் டேப்லெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அண்ணாச்சி எழுந்து போய்விட்டார். ரதவீதி மூலையில், முறுக்குக் கடைக்குப் பக்கத்தில் நின்று கேட்டபடியே பேஸைக் குறைத்தார். இங்கே ஆளில்லாத மேசையில் ஒரு ஃபேடர் மெல்ல இறங்கியது. முப்பது வருசம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, பின்வரிசைக்கு எப்படிக் கேட்கிறதோ என்று ஊகித்தே கலந்தவர் அவர். இன்றைக்குக் கேட்பவர் பக்கத்திலேயே போய் நின்று கலக்க முடிகிறது. இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய சந்தோஷம் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. அனலாக்கில் ஒலி அளவு மீறினால் மெல்லக் கரகரக்கும். இங்கே அளவுகோலின் உச்சி எண்ணுக்கு மேல் எண்ணே கிடையாது, அலையின் தலை சீவப்பட்டுவிடும். அதனால் கெய்ன் வைக்கும்போது உச்சியில் தாராளமாக இடம் விடுவார். ஞாபகமே கெடுதலாகவும் ஆகலாம்: ஒருமுறை பாட்டின் நடுவில் அவர் விரல் பட்டு வேறொரு நிகழ்ச்சியின் பதிவு விழுந்துவிட்டது. ஃபேடர்கள் ஏதோ கல்யாண வரவேற்புக்குப் போய்விட, மேடையில் புல்லாங்குழல் ஊமையானது. அன்றிலிருந்து பாட்டு ஓடும்போது அந்தப் பட்டியல் பக்கம் கை போகாது. கேபிளைப் பொறுத்தவரை நிம்மதிதான். மணிக்கட்டுப் பருமனில் இரண்டு ஆள் சேர்ந்து சுருட்டிய மல்ட்டிகோர் போய், மேடையில் ஒரு பெட்டியும் அதிலிருந்து ஒரே ஒரு நெட்வொர்க் கம்பியும். 48 ஒலிகள் அந்தப் பக்கம், 48 இந்தப் பக்கம், 100 மீட்டர் வரை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். சாமான்கள் இறக்கி, தகரக் கொட்டகையில் அடுக்கியிருந்தது. மிக்ஸரை மட்டும் மேசையில் வைத்து, பக்கத்தில் ஒரு லேப்டாப். ராத்திரி முழுதும் 32 மைக்கும் தனித்தனியாக அதில் பதிவாகியிருந்தன, மிக்ஸரில் ஃபேடரையும் ஈக்வலைசரையும் தொடுவதற்கு முந்தைய வெறும் ஒலியாக. மூன்று மணி நேரக் கச்சேரி, சுமார் 50 ஜிகாபைட். அந்த எண்களை மறுபடி மிக்ஸருக்குள் விட்டால் மிக்ஸருக்கு வித்தியாசம் தெரியாது. மேடையில் ஆள் நின்று பாடுகிற மாதிரியே வாங்கிக்கொள்ளும். நேற்று எடுத்த முடிவுகளை இன்று மாற்றிப் பார்க்கலாம்.

“மூணாவது பாட்டு போடுல” என்றார் அண்ணாச்சி. மருமகன் போட்டான். யாரும் இல்லாத கொட்டகைக்குள் கச்சேரி தொடங்கியது. தபேலாக்காரர் தொண்டையைச் செருமியதுகூடக் கேட்டது. அண்ணாச்சி எல்லா ஃபேடரையும் அடிவரை இழுத்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“இப்ப நீ கலக்கு.”

பையன் ட்ரம்ஸை ஏற்றினான், பேஸை ஏற்றினான், பிறகு கீபோர்டு, பிறகு குரல். எல்லாம் கேட்டது.

“தபேலா எங்கல?”

“ஏத்தித்தான் மாமா இருக்கு.”

“ஏத்திருக்கு. கேக்குதா?”

பையன் தபேலா ஃபேடரை இன்னும் தள்ளினான். சத்தம் கூடியது, தபேலா கூடவில்லை. மாமாவின் கை முழங்காலிலேயே இருந்தது. பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டார்கள். அதே பல்லவி, அதே செருமல். இந்த முறை பையன் தபேலாவைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கீபோர்டை ஒரு விரற்கடை இறக்கினான், அதன் அடிக்கட்டைச் சுரங்களையும் ஈக்வலைசரில் சற்று எடுத்தான். அடியிலிருந்து தபேலாவின் இடது கைக் கும்கி மேலே வந்தது, இவ்வளவு நேரமும் அங்கேயே இருந்த மாதிரி.

அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வந்து, “பேரு போட்டு வை” என்றார். பையன் தட்டினான். பட்டியலில் இந்த வருசக் கொடைக்குக் கீழே புதிதாக ஒரு வரி வந்தது, அவன் பெயரில். அண்ணாச்சி ஃபேடர்களை எல்லாம் கையால் ஒரு தடவு தடவிக் கலைத்துவிட்டு, அந்த வரியை அழுத்தினார். சர்ரென்று எழுந்து, அவன் விட்ட இடங்களில் போய் நின்றன.